அணில் சொல்லிக்கொடுத்த பின்னிஷ்

தேவானந்தம் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க ஹூப்ளி, தாவணகெரே, கர்நூல் என்று சுற்றியவர். போன ஊரின் பேச்சில் நாலு வார்த்தை பேசாமல் அங்கே ஒரு மோட்டார்கூட விற்க முடியாது என்பது அவர் கட்சி. கன்னடத்தில் பேரம் பேசுவார். தெலுங்கில் விவசாயியின் மாட்டைப் பற்றி விசாரிப்பார். வாயைத் திறக்கத் துணிந்தவனுக்கு எந்த மொழியும் வந்துவிடும் என்று நம்பியிருந்தார்.

அவருடைய ஒரே மகள் ரெபேக்கா பின்லாந்தில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கேயே உடன் வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்ளப்போவதாக அவள் சொன்னபோது, சவுரிபாளையத்து வீட்டில் கொஞ்ச நாள் யாரும் யாருடனும் சரியாகப் பேசவில்லை. முதலில் இறங்கி வந்தது அவர் மனைவி விமலாராணி. பையன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவானா என்று மட்டும் கேட்டாள். கிறிஸ்துமஸுக்குப் போவான் என்று ரெபேக்கா சொன்னாள். சரி, அதுவாவது போகிறானே என்று விமலாராணி மனதைத் தேற்றிக்கொண்டாள். பிறகு தேவானந்தமும் தலையாட்டினார்.

மாப்பிள்ளையின் பெயர் அன்ட்டி. அவனுடைய அப்பா பெயர் கரி. அம்மா ரீத்தா. விமலாராணி பிறந்த ஊரான கோபிசெட்டிபாளையத்தில் இந்தப் பெயர்களில் ரீத்தாவை மட்டும்தான் ஏற்றுக்கொண்டார்கள். பக்கத்துத் தோட்டத்து பாவாத்தாள் சேதி கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை ஆன்ட்டி, சம்பந்தி கறி. கேக்கறதுக்கே நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள்.

தேவானந்தத்தை உறுத்தியது பெயர்கள் அல்ல. ஒருநாள் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே ரெபேக்கா பக்கவாட்டில் திரும்பி, அன்ட்டியிடம் அவன் மொழியில் ஏதோ சொன்னாள். அவன் பதில் சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, ஒன்றுமில்லை என்றாள். தன் மகள் எதற்காகச் சிரிக்கிறாள் என்று தெரியாமல் போனது அவருக்கு அதுதான் முதல் முறை. அன்று சாயங்காலமே ஃபோனில் தேடி, இலவசமாக மொழி சொல்லித்தரும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டார்.

அந்த ஆப்பில் ஒரு அணில்தான் வாத்தியார். சரியாகச் சொன்னால் வாலை ஆட்டும். தப்பாகச் சொன்னால் உம்மென்று உட்கார்ந்துகொள்ளும். எந்த மொழி படிக்க வேண்டும் என்று அது கேட்டபோது வந்த நீளமான வரிசையில் இந்தி இருந்தது, ஸ்வாஹிலி இருந்தது, தமிழ் இல்லை. நமக்கு எதற்குத் தமிழ் என்று அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னிஷைத் தொட்டார்.

ரெபேக்காவிடம் சொல்லக் கூடாது என்று விமலாராணியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டார் கோயமுத்தூர் வந்து இறங்கும்போது, விமான நிலைய வாசலிலேயே அவர்கள் மொழியில் வரவேற்று எல்லோரையும் அசத்த வேண்டும் என்பது திட்டம்.

தொடக்கம் பிரமாதமாகப் போனது. இது வீடு, அது மரம், பை காரில் இருக்கிறது. எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம், தமிழ் மாதிரியே வார்த்தையின் வாலில் ஒட்டு ஒட்டாகச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்று தெரிந்ததும், இது நம் பங்காளி மொழி என்று அறிவித்தார். ஒரே ஒரு குறைதான் இருந்தது. அந்த மொழியில் 'தயவுசெய்து' என்பதற்குத் தனியாக ஒரு சொல் இல்லையாம். மரியாதை இல்லாமல் எப்படி ஒருவரிடம் பேசுவது என்று அவருக்கு நாக்கு கூசியது. அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நன்றி சொல்ல 'கீத்தோஸ்' என்றால், இவர் 'கீத்தோஸுங்க' என்றார். பின்னிஷ் முழுவதற்கும் 'ங்க' போட்டுவிட்ட பிறகுதான் அவருக்கு நிம்மதி வந்தது.

போகப் போக அணிலின் போக்கு மாறியது. கூச்ச சுபாவமுள்ள கரடி பியானோ வாசிக்கிறது என்று ஒரு பாடம். மந்திரவாதி என் சோப்பைத் திருடிவிட்டான் என்று இன்னொன்று. சம்பந்தியிடம் இதை எந்தச் சமயத்தில் சொல்வது என்று அவருக்குப் புரியவில்லை என்றாலும், பாடத்தில் வந்தால் படித்துத்தானே ஆக வேண்டும் என்று படித்தார். தப்பு செய்தால் அணிலின் கூடையிலிருந்து ஒரு பழம் குறையும். கூடை காலியானால் காசு கட்ட வேண்டும், அல்லது விளம்பரம் பார்க்க வேண்டும். இவர் விளம்பரம் பார்த்தார். எரிமலைக் குழம்பிலிருந்து ராஜாவைக் காப்பாற்றும் விளையாட்டின் விளம்பரத்தைப் பார்த்துப் பார்த்து, அந்த விளையாட்டையும் இறக்கி அதிலும் தேர்ந்துவிட்டார்.

அதைவிட மோசம், அணில் நடத்திய வாராந்திரப் போட்டி. உலகம் பூராவும் படிக்கிறவர்களைக் குழு குழுவாகப் பிரித்து யாருக்கு எத்தனை புள்ளி என்று வரிசைப்படுத்தும். மர்சேலா என்று எந்த நாட்டுக்காரி என்றே தெரியாத ஒருத்தி எப்போதும் அவருக்கு ஒரு படி மேலேயே இருந்தாள். புதுப் பாடம் படித்தால் தப்பு வரும், புள்ளி குறையும். பழைய பாடத்தையே திரும்பப் போட்டால் புள்ளி கொட்டும். அதனால் தேவானந்தம் 'இது வீடு, அது மரம்' பாடத்தைப் பல வாரங்களுக்கு விடாமல் போட்டார்.

"ஏனுங்க, நீங்க பேசறதுக்குப் படிக்கறீங்களா, மார்க்குக்குப் படிக்கறீங்களா?" என்று விமலாராணி ஒருநாள் கேட்டாள். அவர் அப்போது மர்சேலாவைத் துரத்திக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபைப் போதகரான ஐயர் எல்லோரையும் மௌனமாக ஜெபிக்கச் சொன்னார். தலைகளெல்லாம் குனிந்தன. தேவானந்தத்தின் தலையும் குனிந்தது, ஆனால் மடியில் ஃபோன் இருந்தது. சத்தத்தைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிட்டார். மந்திரவாதி சோப்பைத் திருடிய விஷயத்தை ஒரு பெண் குரல் பின்னிஷில் கணீரென்று கோயில் முழுக்க அறிவித்தது. பின் பெஞ்சில் இருந்த முதியவர் சாமுவேல், சபையில் யாருக்கோ பரிசுத்த ஆவி தரும் அந்நிய பாஷை வரம் இறங்கிவிட்டது என்று எழுந்து நின்று கையை உயர்த்தினார். விமலாராணி அன்று வீடு வரும்வரை கணவரோடு சேர்ந்து நடக்கவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சம்பந்திகள் வந்தார்கள். ரெபேக்காவும் அன்ட்டியும் சில நாள் முன்பே வந்துவிட்டிருந்தார்கள். அன்று காலை பத்திரிகை வைக்க கோபிக்குப் போன இருவரும், போன வீட்டிலெல்லாம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துவைக்கப்பட்டதால் திரும்ப முடியவில்லை. தாங்கள் கூட இல்லாமல் அப்பா போய் அழைத்துவருவது ரெபேக்காவுக்குக் கவலை. அன்ட்டியின் பெற்றோர் ஏரிக்கரைக் கிராமத்துக்காரர்கள், கரி மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர், ரீத்தா பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தவர், இருவருக்குமே ஆங்கிலம் அவ்வளவாக வராது என்று ஃபோனில் சொன்னாள். தேவானந்தம் புன்னகையோடு, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவள் கடைசியாக ஒன்று சொன்னாள். கொதிக்க வைக்காத தண்ணீரை எந்தக் காரணம் கொண்டும் அவர்களுக்குக் கொடுத்துவிடக் கூடாது. ருசிக்குப் பேர்போன சிறுவாணித் தண்ணீரைப் பற்றியா இப்படிச் சொல்கிறாள் என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விமலாராணி ஒரு பானை நிறையக் கொதிக்கவைத்து மூடிவிட்டு வந்தாள்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ரீத்தாவும் இதே ஆப்பில்தான், இதே அணிலிடம்தான், ஏறக்குறைய இதே காலமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவரும் மகனிடம் மூச்சுவிடவில்லை. வரிசையில் இந்திய மொழி என்று இந்தி இருந்தது, இந்தியைப் படித்தார். வரும் வழியில் டெல்லி விமான நிலையத்தில் இந்தியில் தேநீர் கேட்டு, தேநீரும் கிடைத்துவிட்டதால், தைரியமாகக் கோயமுத்தூரில் இறங்கினார்.

பீளமேட்டு விமான நிலைய வாசலில் வெள்ளைத் தலையும் சிவந்த முகமுமாக இருவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைக் கண்டதும் தேவானந்தம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனார். வரவேற்பும் வணக்கமும் தன் பெயரும் மகிழ்ச்சியும் ஒரே மூச்சில் வந்தன.

"தெர்வெத்துலோவாங்க. மினா ஓலென் தேவானந்தமுங்க. ஹவுஸ்க்கா தவத்தாங்க."

ரீத்தா இரண்டு கைகளையும் கூப்பி, தலையைச் சாய்த்து, மெதுவாக, தெளிவாகத் தன் வரவேற்புரையைச் சொன்னார். அதில் ஒரு வார்த்தைகூட தேவானந்தத்துக்குப் புரியவில்லை. இவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட ரீத்தாவுக்குப் புரியவில்லை என்பதும் முகத்தில் தெரிந்தது. கரி மட்டும் தேவானந்தத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துக் குலுக்கினார். 

காரை ஓட்டிக்கொண்டே தேவானந்தம் மனைவிக்கு விளக்கினார். அணில் சொல்லித்தருவது பட்டணத்துப் பின்னிஷ். இவர்கள் பேசுவது கிராமத்துப் பின்னிஷ். நம்முடைய பேச்சு மெட்ராஸ்காரனுக்குப் புரிகிறதா என்ன, அது மாதிரிதான். காது பழகினால் சரியாகிவிடும்.

பின் சீட்டிலிருந்து ரீத்தா, "முஜே பானி சாஹியே" என்றார்.

விமலாராணி திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, பானின்னு கேட்ட மாதிரி இருந்துதுங்க."

"பானி இல்ல விமலா, பனி. பின்னிஷ்ல பனின்னா வெச்சாருன்னு அர்த்தம். பெட்டிய எங்க வெச்சாருன்னு கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, தேவானந்தம் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து, "லவுக்கு ஓன் அவுதோஸ்ஸாங்க" என்றார். பை காரில் இருக்கிறது என்று பொருள். அணில் சொல்லிக்கொடுத்த ஒரு வாக்கியம் இவ்வளவு சரியான இடத்தில் பொருந்தியதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

கரி மனைவியின் காதில் ஏதோ சொன்னார். ரீத்தா அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். இந்த மனிதர் பின்னிஷ் பேசுகிறார் என்றுதான் கரி சொன்னாராம். வெயில் கரியின் தலைக்கு ஏறிவிட்டது என்று ரீத்தா பயந்துபோனாராம். இது அப்புறம் தெரிந்தது.

வீட்டில் பானைத் தண்ணீர் இன்னும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. விமலாராணி காபி கொடுத்தாள். ரீத்தா குடித்துவிட்டு மறுபடி அதே வாக்கியத்தைச் சொன்னார். பெட்டியைப் பற்றி மறுபடியும் கவலைப்படுகிறார் என்று தேவானந்தம் பெட்டியைக் கொண்டுவந்து அவர் கண் முன்னால் வைத்தார். அவர் பெட்டியையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். விமலாராணி முறுக்கு கொண்டுவந்தாள். ரீத்தா முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னார்.

அந்த நேரத்தில் வாசலில் பைக் சத்தம் கேட்டது. கல்யாணச் சாப்பாட்டை ஒப்புக்கொண்டிருந்த பிரியாணிக் கடை சஹீர் வந்திருந்தார். அவர் வந்ததற்குக் காரணமும் தேவானந்தம்தான். முந்தின நாள் அவர் ஃபோனில் பேசும்போது, வெளிநாட்டிலிருந்து கரி நாளைக்கு ஃப்ளைட்டில் வந்து சேரட்டும், அப்புறம் மெனுவை முடிவு செய்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். சஹீர் இரவெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டு நேரிலேயே கேட்டுவிடலாம் என்று கிளம்பி வந்திருந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். கறி வெளிநாட்ல இருந்து வருதுன்னு சொன்னீங்க. நான் இங்க ஆட்டுக்குச் சொல்லிப்போட்டேனுங்க" என்றார்.

தேவானந்தம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கரியைக் காட்டி, இவர்தான் அது என்றார். சஹீர் எழுந்து நின்ற கரியின் உயரத்தைப் பார்த்து ஒரு சலாம் வைத்தார். அப்போது ரீத்தா கடைசி முயற்சியாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னார். முஜே. பானி. சாஹியே.

"சார், அம்மாவுக்குத் தண்ணி வேணுமாங்க" என்றார் சஹீர்.

தேவானந்தம் அவரை வியப்போடு பார்த்தார். "உங்களுக்கு பின்னிஷ் தெரியுங்களா?"

"பின்னிஷுங்களா? அவங்க இந்தியில்லீங்க பேசறாங்க."

விமலாராணி, வீடு தேடி ஒறம்பரை வந்து ஒரு மணி நேரமாகத் தண்ணீர் கேட்கிறார்கள், பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று கணவரைப் பார்த்து ஒரு தடவைதான் சொன்னாள். ஓடிப்போய் பக்கத்துக் கடையில் மூடி திறக்காத பாட்டில்கள் வாங்கி வந்தாள். ரீத்தா ஒரு பாட்டிலை நிறுத்தாமல் குடித்து முடித்தார்.

சஹீர் வீட்டில் உருது பேசுகிறவர். கொஞ்ச நேரம் அவரே இரு தரப்புக்கும் நடுவில் உட்கார்ந்தார். ரீத்தா தாகம் தீர்ந்த உற்சாகத்தில் நிறையப் பேசினார். சஹீர் ஒவ்வொன்றையும் கேட்டுத் தமிழில் சொன்னார். வீடு அழகாக இருக்கிறது என்கிறார். ராஜுவின் பூனை பால் குடிக்கிறது என்கிறார். மாமா மூன்று யானைகளுக்குக் கடிதம் எழுதுகிறார் என்கிறார். சொல்லிவிட்டு, ராஜு யார் என்று சஹீர் தேவானந்தத்தைக் கேட்டார். தேவானந்தத்துக்கு மட்டும் அது எங்கிருந்து வருகிறது என்று உடனே தெரிந்துவிட்டது. எழுந்து போய்த் தன் ஃபோனை எடுத்து அணிலைக் காட்டினார். ரீத்தா தன் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து அதே அணிலைக் காட்டினார். கரி முதன்முதலாகச் சிரித்தார். சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்கியது.

சஹீர் கிளம்பிய பிறகுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. விமலாராணி தொண்டையைச் செருமிக்கொண்டு ரீத்தாவிடம் இந்தியில் ஏதோ கேட்டாள். பள்ளிக்கூடம் படிக்கும்போது இந்தி சபா பரீட்சைகள் வரிசையாக எழுதிப் பாஸ் செய்தவள் அவள். கோபியில் அந்தக் காலத்தில் பாதிப் பெண்பிள்ளைகள் எழுதியதுதான். சர்டிபிகேட் பீரோவில் இருந்தது, இந்தி எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியாது. எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக வைத்து, பாடப் புத்தகத்தில் இருப்பது மாதிரியே பேசினாள். ரீத்தாவும் அதே மாதிரி பாடமாகப் பதில் சொன்னார். இந்தியையே தாய்மொழியாகக் கொண்டவர் யாராவது கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார். இவர்கள் இருவருக்கும் எல்லாம் புரிந்தது. மறுநாள் பெரியகடை வீதிக்குப் போய்ப் புடவை எடுத்தார்கள். மூட்டுவலி பற்றி, மகன்களும் மகள்களும் தினமும் ஃபோன் செய்யாதது பற்றி, கணவர்கள் பற்றி இந்தியிலேயே பேசிக்கொண்டார்கள்.

தேவானந்தத்துக்கு வயிறு எரிந்தது. மாதக்கணக்கில் படித்தவர் அவர். ஒரு பழம்கூட இழக்காமல் பேசிக்கொண்டிருப்பவள் அவர் மனைவி. அவருக்கு மிஞ்சியது கரி. சம்பந்திகள் வந்து இறங்கிய அன்று மீதிப் பொழுதெல்லாம் அவர் கரியிடம் பேசினார். இது வீடுங்க. அது மரமுங்க. அது தென்னை மரமுங்க. கரடியைப் பற்றியும் சொன்னார். கரி தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் ரெபேக்கா கோபியிலிருந்து வந்து நடந்ததையெல்லாம் கேட்டு, அடுக்களைத் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்பாவைப் பின்னிஷில் பேசச் சொல்லிக் கேட்டாள். இலக்கணத்தில் ஒரு தப்பும் இல்லை என்றாள். ஆனால் அங்கே யாரும் அப்படிப் பேசுவதில்லை, நாம் வீட்டில் 'யான் உணவு உண்டேன்' என்று சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது என்றாள். பிறகு, தனக்காகவா படித்தார் என்று கேட்டாள். சம்பந்திக்காக என்றார் அவர். அவள் நம்பவில்லை. அவர் தோளில் சற்றுநேரம் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அதிருக்கட்டும் கண்ணு. அவரு ஏன் எங்கூட மட்டும் பேச மாட்டேங்கறாரு? நான் ஏதாச்சும் தப்பா சொல்லிப்போட்டனா?"

"நீங்க எடமே விடறதில்லீங்கப்பா" என்றாள் ரெபேக்கா. "அங்கெல்லாம் ஒருத்தரு பேசி முடிச்சாருன்னா மத்தவரு சித்த நேரம் யோசிப்பாங்க. அப்பறந்தான் பேசுவாங்க. அவரு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நீங்க அடுத்த மரத்தைக் காட்டிடறீங்க. சும்மா இருந்து பாருங்க. அவரு பேசுனா நடுநடுவுல 'நீன்'னு மட்டும் சொல்லுங்க. நாம 'ம்' கொட்டற மாதிரி."

அணில் அந்த வார்த்தையை எங்கேயும் சொல்லித்தந்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, கல்யாணச் சமையலுக்கு உருளைக்கிழங்கும் கேரட்டும் மண்டி விலைக்கே எடுத்துவிடலாம் என்று தேவானந்தம் மேட்டுப்பாளையம் கிளம்பினார். கரியையும் அழைத்துக்கொண்டார். போகும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை எல்லாம் ஒரு வார்த்தை இல்லாமல் கடந்தன. இந்த ரோட்டில் இவ்வளவு அமைதியாக அவர் எப்போதும் போனதில்லை.

மண்டித் தெருவில் ஊட்டியிலிருந்து இறங்கிய லாரிகள் வரிசையாக நின்றன. கரி காரை விட்டு இறங்கி ஒரு லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றார். டயரைத் தட்டிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். டிரைவர் எட்டிப் பார்த்ததும், மலை எப்படி என்று கையால் வளைத்து வளைத்துக் கேட்டார். டிரைவரும் கையாலேயே ஒவ்வொரு வளைவாகக் காட்டினார். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எதிரே பஸ் வந்தால் என்ன செய்வது என்பதை இருவரும் தெருவில் நின்று நடித்துப் பார்த்தார்கள். தேவானந்தம் கிழங்கு மூட்டைகளை ஏற்றிவிட்டு வந்தபோது கரியின் முகம் மாறியிருந்தது.

திரும்பும் வழியில் அவர் பேசத் தொடங்கினார். நிதானமாக, இடைவெளி விட்டு, ஆனால் நிறுத்தாமல் பேசினார். லாரி என்ற சொல் புரிந்தது. கொட்டுகிற பனி புரிந்தது. ஏரி புரிந்தது. அண்ணனோ தம்பியோ ஒருவர் பேச்சில் வந்தார். மற்றதெல்லாம் ஆற்று வெள்ளம் மாதிரி போய்க்கொண்டிருந்தது. அணிலின் குரலைப் போல அது இல்லை. வார்த்தைகளின் வால்களெல்லாம் வெட்டுப்பட்டிருந்தன. ஆனாலும் தேவானந்தத்துக்கு மனம் நிறைந்திருந்தது. சரியான இடங்களில், "நீன்" என்றார். சில சமயம் உருக்கமாக, "நீனுங்க" என்றார். காரமடை ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது கரி ஏதோ ஒன்றைக் கேள்வி மாதிரி கேட்டார். "நீன்" என்றார் தேவானந்தம். கரி புருவத்தை உயர்த்தி மறுபடி கேட்டார். இவர் இன்னும் அழுத்தமாக, "நீனுங்க" என்றார். கரி அவர் கையைப் பிடித்துப் பலமாகக் குலுக்கினார். கண் கலங்கியது மாதிரிகூட இருந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வரவேற்பில் தேவானந்தம் நீளமாகப் பேசப்போகிறார் என்று சபையே நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் மைக்கை வாங்கியவர் பின்னிஷில் இரண்டே வரி சொன்னார். வந்தவர்களுக்கு வரவேற்பு, மகனைத் தந்தவர்களுக்கு நன்றி. அவ்வளவுதான். கரி உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையை ஒருமுறை ஆழமாக அசைத்தார். பாவாத்தாள் பக்கத்தில் இருந்தவளிடம், அண்ணன் மலையாளத்தில் நன்றாகப் பேசினார் என்றாள்.

சாப்பாட்டுப் பந்தியில் ரீத்தா விமலாராணியின் கையைப் பிடித்துக்கொண்டு மகிழ்ச்சியோடு இந்தியில் என்னவோ சொன்னார். விமலாராணி மறுபடி சொல்லச் சொன்னாள். ரீத்தா சொன்னார். விமலாராணி பிரியாணித் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கணவரைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, பிப்ரவரி மாசம் நாம ரெண்டு பேரும் அங்க வாரமுன்னு ஒத்துக்கிட்டீங்களா?"

தேவானந்தம் இல்லை என்றார். பிறகு காரமடை கேட்டை நினைத்துப் பார்த்தார்.

விமலாராணி மீதியையும் சொன்னாள். அந்த மாதம் ஏரி முழுக்க உறைந்திருக்குமாம். ஐஸை ரம்பத்தால் அறுத்து ஒரு குழி போடுவார்களாம். கரி வருஷா வருஷம் தன் அண்ணனோடு அந்தக் குழிக்குள் குளிக்க இறங்குவாராம். அண்ணன் போன வருஷம் இறந்துபோனாராம். இனிமேல் யாரோடு இறங்குவது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். சம்பந்தியிடம் கேட்டாராம். சம்பந்தி ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றாராம். சந்தேகப்பட்டு மறுபடி கேட்டாராம். இன்னும் உறுதியாகச் சரி என்றாராம். இப்படி ஒரு மனிதரைத் தான் பார்த்ததே இல்லை என்று கரி அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

தேவானந்தம் பந்தியின் மறுமுனையைப் பார்த்தார். கரி வாழையிலை முன்னால் உட்கார்ந்து, சஹீரின் பிரியாணியைக் கையால் பிசைய முயன்றுகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் சோற்றுக் கையை உயர்த்திக் காட்டினார். போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தேவானந்தம் யோசித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, சும்மா தலையாட்டினேன் என்று சொல்வதற்குத் தேவையான எல்லா வார்த்தைகளும் அவருக்குத் தெரியும், அதுவும் இலக்கணச் சுத்தமாக. அவர் போகவில்லை. பதிலுக்குக் கையை உயர்த்தினார்.

ஜனவரியில் கணவனும் மனைவியும் திருப்பூருக்குப் போய், ஏற்றுமதிச் சரக்கில் மிஞ்சியதை விற்கும் கடை ஒன்றில் ஏறினார்கள். கடைக்காரர் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டு, உள்ளே இருந்து நல்ல கனமான கம்பளி பனியன்களாக எடுத்துப் போட்டார். தேவானந்தம் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று போட்டால் எந்தக் குளிரும் உள்ளே வராது என்று தேர்ந்தெடுத்து அடுக்கினார்.

"ஐஸுக்குள்ள எறங்கறப்ப இதையெல்லாம் கழட்டிப்போடோணுமாங்க" என்றாள் விமலாராணி. "நேத்துத்தான் ரீத்தா சொன்னாங்க."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். தேவானந்தம் அடுக்கிய பனியன்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, பெரிய சைஸில் நல்ல கெட்டியான துண்டு இருக்கிறதா என்று கேட்டார்.